இருநூறு பாரின் வாசல்

நீருக்கடியில் மூச்சுவிடுவதற்காக டைவர் முதுகில் சுமந்து செல்லும் சிலிண்டருக்கு ஒரே ஒரு வாசல்தான். காற்றை நிரப்புவதும் அதன் வழியே, எடுப்பதும் அதன் வழியே. அந்த வாசலில் இருக்கும் பித்தளை வால்வு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சிலிண்டரின் தடித்த சுவரைப் பார்த்து மிரளும் நாம் இந்தச் சிறு பொருளை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. ஈரமோ அழுக்கோ எண்ணெயோ உள்ளே போக வேண்டுமென்றால் இந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். சிலிண்டர் சாய்ந்து விழுந்தால் அடி வாங்குவதும் பெரும்பாலும் மேலே துருத்திக்கொண்டிருக்கும் இந்த உறுப்புதான்.

இந்த அத்தியாயத்தின் சாரம் ஒரே வரி: அழுத்தம் சிறியதைப் பெரிதாக்கும். ஒரு துளி நீர், ஒரு மணல் துகள், விரலில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவற்றை அன்றாட வாழ்வில் நாம் பொருட்படுத்துவதில்லை. 200 பார் அழுத்தத்தின் வாசலில் அவை ஒவ்வொன்றுக்கும் உயிரோடு விளையாடும் வலிமை வந்துவிடுகிறது. எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டவர் வால்வுக்கு மூடி போட ஒருநாளும் மறக்க மாட்டார்.

கடல் இல்லாத ஊர்

இதைச் சொல்ல ஜெர்மனியின் மியூனிக்கைக் களமாக எடுத்துக்கொள்கிறேன். அந்த ஊரில் கடல் இல்லை. அருகிலுள்ள ஏட்ரியாட்டிக் கடலைக் காண ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிப் போக வேண்டும். ஆனாலும் அழுத்தப்பட்ட காற்றின் கதையை மியூனிக்கை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

கார்ல் ஃபொன் லிண்டே 1868 முதல் அந்நகரின் பாலிடெக்னிக் பள்ளியில் கற்பித்தார். பின்னாளில் டீசல் எஞ்சினை உருவாக்கிய ருடால்ஃப் டீசல் அவருடைய மாணவர். பீர் ஆலைகளுக்குக் குளிர்பதன இயந்திரங்கள் செய்து புகழ்பெற்ற லிண்டே, 1895இல் மியூனிக்கில் காற்றைத் திரவமாக்கிக் காட்டினார். 1902இல் அந்தத் திரவக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் ஆலையை உருவாக்கினார். வெல்டிங் பட்டறையிலும் மருத்துவமனையிலும் இன்று நாம் காணும் ஆக்சிஜன் சிலிண்டர்களின் வரலாறு அந்த உழைப்போடு பிணைந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், அதே ஊரில் ஹான்ஸ் பாவர் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். பாவர் கம்ப்ரஸர்கள் இன்று உலகெங்கும் தீயணைப்பு நிலையங்களிலும் டைவிங் மையங்களிலும் மூச்சுக்காற்றை அடைத்துக் கொடுக்கின்றன. சிலிண்டர் உட்படப் பல அழுத்தக் கலன்களைச் சோதித்து முத்திரையிடும் டியூவ் ஸூட் நிறுவனத்தின் தலைமையகமும் மியூனிக்கில்தான். காற்றை அடைப்பவர், பிரிப்பவர், அடைத்த கலனைச் சோதிப்பவர் என மூவரும் ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள்.

நகருக்குத் தெற்கே, பனியாறுகள் குடைந்துவிட்டுப் போன பள்ளங்களில் ஏரிகள் கிடக்கின்றன. ஸ்டார்ன்பெர்க் ஏரியின் ஆழம் ஏறக்குறைய 128 மீட்டர். கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் வால்ஹென் ஏரி 190 மீட்டர் ஆழம். ஸ்டார்ன்பெர்க் ஏரியின் ரோஜாத் தீவைச் சுற்றி நீருக்கடியில் வரலாற்றுக்கு முந்தைய மரக்கால் குடியிருப்புகளின் எச்சங்கள் இருக்கின்றன. ஆல்ப்ஸ் பகுதியின் அத்தகைய குடியிருப்புகள் 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது இதுவும் சேர்ந்தது. கிழக்குக் கரையில் ஆல்மன்ஸ்ஹவுசன் அருகே நீருக்குள் செங்குத்தாக இறங்கும் பாறைச்சுவர் டைவர்களை ஈர்க்கிறது. பலரின் உயிரையும் குடித்திருக்கிறது. கோடையில் மேல்மட்டம் வெதுவெதுப்பாக இருந்தாலும், ஆழத்தில் ஆண்டு முழுவதும் நீர் 4 முதல் 6 டிகிரி செல்சியஸில்தான் இருக்கும். வால்வின் வாயில் ஒரு துளி நீரை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்தக் குளிர் ஏரிகள் தயவு தாட்சண்யமில்லாமல் காட்டிவிடும்.

அடைபட்ட காற்றின் பலம்

ஐரோப்பாவில் ஒருவர் வழக்கமாகச் சுமக்கும் எஃகு சிலிண்டரின் கொள்ளளவு 12 லிட்டர். 200 பார் என்பது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல 200 மடங்கு. ஆக அந்தச் சிலிண்டருக்குள் சுமார் 2,400 லிட்டர் காற்று இருக்கிறது. அதன் எடை மட்டுமே 3 கிலோவை நெருங்கும்.

இந்தக் காற்று சட்டென்று விரிந்தால் வெளிப்படும் ஆற்றலைக் கணக்கிடலாம். ஏறத்தாழ 4,70,000 ஜூல் வருகிறது. ஒரு டன் எடையுள்ள காரை 47 மீட்டர் உயரத்துக்குத் தூக்கப் போதுமான ஆற்றல் அது. வெடிமருந்துக் கணக்கில் சொன்னால் சுமார் 100 கிராம் டிஎன்டி. சிலிண்டரின் கழுத்துத் துளை ஏறக்குறைய 23 மில்லிமீட்டர் அகலம். அந்தச் சிறு வட்டத்தின்மேல் 200 பார் தரும் தள்ளுவிசை 800 கிலோ எடைக்குச் சமம். இவ்வளவையும் தாங்கி நிற்பது வால்வை இறுக்கும் சில சுற்று மரைகள்தான்.

நம் வீட்டுக்கு வரும் சமையல் காஸ் சிலிண்டரின் வால்வு வாயில் நைலான் கயிற்றில் கட்டிய சிறு மூடி ஒன்று இருக்குமல்லவா? அடுப்போடு இணைத்ததும் பலர் அதை ஓரமாகப் போட்டு மறந்துவிடுகிறார்கள். அந்தச் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் வழக்கமாக 10 பாருக்குள் அடங்கும். டைவர் சுமப்பது அதைப்போல் 20 மடங்குக்கு மேல். 10 பாருக்கே ஒரு மூடியைக் கட்டித் தருகிறார்கள் என்றால், 200 பாருக்கு எத்தனை கவனம் வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

மோதல்

முதல் எதிரி அடி. தொழிற்சாலை ஆக்சிஜன் சிலிண்டரின் வால்வுக்கு மேலே கனமான இரும்புத் தொப்பி ஒன்றைத் திருகி வைப்பார்கள். டைவிங் சிலிண்டரில் அந்தத் தொப்பி கிடையாது. ஆகவே வால்வின் வடிவமே அடியைத் தாங்க வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில் இரண்டு வடிவங்கள் போட்டியிடுகின்றன.

ஒன்று யோக் வால்வு. வால்வின் தட்டையான முகத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்கும். சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து டைவருக்குத் தரும் ரெகுலேட்டரின் கவ்வி வெளியிலிருந்து அதை அமுக்கிப் பிடிக்கும். இந்தியா, இலங்கை, மாலத்தீவு எனச் சுற்றுலாக் கடல்களில் நாம் பெரும்பாலும் காண்பது இதைத்தான். கவ்விக்குப் பக்கவாட்டில் பலமாக அடிபட்டால் அது இம்மியளவு நகர்ந்து, ஓ-ரிங் பிதுங்கி, காற்று சீறிவிடக்கூடும்.

மற்றொன்று ஜெர்மனியின் தொழில்தர நிர்ணய அமைப்பான டின் பெயரால் வழங்குவது. டின் வால்வில் ரெகுலேட்டரின் மரைத்தண்டு வால்வுக்குள்ளேயே திருகி இறங்குகிறது. ஓ-ரிங் அந்தத் தண்டின் நுனியில் இருக்கும்; திருகி முடித்ததும் நாலாபுறமும் உலோகத்துக்குள் சிறைப்பட்டுவிடும். அடி எங்கிருந்து வந்தாலும் வளையம் பிதுங்க வழியில்லை. மியூனிக் பக்கத்து ஏரிகளில் டைவர்கள் இதையே நம்புகிறார்கள். டின் 477 எனும் தரநிலை ஒவ்வொரு வாயுவுக்கும் வெவ்வேறு மரை அளவை வகுத்திருக்கிறது. மூச்சுக்காற்றுக்கு ஒரு மரை, ஆக்சிஜனுக்கு வேறொன்று, எரிவாயுக்களுக்கு இடப்பக்கம் திருகும் மரை. கை தவறினாலும் தப்பான வாயுவை மாட்ட முடியாதபடி மரையே தடுத்துவிடும்.

டின் வால்வுக்கும் ஒரு பலவீனம் உண்டு. ரெகுலேட்டரைக் கழற்றிய பிறகு அதன் வாய் மரை தெரியத் திறந்து கிடக்கும். அந்த நிலையில் சிலிண்டர் சாய்ந்து வாயின் விளிம்பு கல்லில் பட்டால், வட்டம் இம்மி நசுங்கி நீள்வட்டமாகிவிடும். அதன்பின் ரெகுலேட்டர் உள்ளே ஏறாது. வற்புறுத்தித் திருகினால் மரை தேயும். இதற்காகத்தான் உள்ளே திருகி வைக்கும் பிளாஸ்டிக் அல்லது உலோக மூடிகள் இருக்கின்றன. மூடி உள்ளே இருந்தால் விளிம்பு நசுங்குவது கடினம், மணலும் போகாது. யோக் வால்வுக்கும் முகத்தை மூடும் தொப்பிகள் கிடைக்கின்றன.

மூடி மட்டும் போதாது. சிலிண்டரை நிறுத்தி வைத்துவிட்டு நகர்ந்துபோகக் கூடாது என்பது டைவிங் பள்ளிகளில் முதல் நாளே சொல்லித்தரும் விதி. வண்டியில் படுக்க வைத்து, உருளாதபடி கட்டி, வால்வு எதன்மீதும் மோதாதபடி வைக்க வேண்டும். ஆபத்தான சரக்குகளைச் சாலையில் கொண்டுசெல்வது பற்றிய ஐரோப்பிய உடன்படிக்கையான ஏடிஆர், வாயு சிலிண்டர்களின் வால்வுக்குத் தொப்பியோ காப்புவளையமோ பெட்டியோ, இல்லையேல் தானே அடி தாங்கும் வடிவமோ இருக்க வேண்டும் என்று வகுத்திருக்கிறது. வால்வைத் தூக்கும் கைப்பிடியாகப் பயன்படுத்துவதும் பலரிடம் உள்ள பழக்கம். பித்தளைத் தண்டின்மேல் அநாவசியமாகப் பாரம் ஏற்றும் இந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

நீருக்குள்ளும் மோதல் உண்டு. இரட்டைச் சிலிண்டருடன் பனிப்பாளத்துக்கு அடியிலோ குகைக்குள்ளோ முன்னோக்கி நீந்தும்போது, இடப்பக்கத் திருகின் மேல்விளிம்பு கூரையில் உரசினால் அது பின்னோக்கிச் சுழலும். வெளியிலிருந்து பார்த்தால் அது வலஞ்சுழி, அதாவது மூடும் திசை. டைவருக்குத் தெரியாமலே வால்வு மெல்ல மூடிக்கொள்ளும். வலப்பக்கத் திருகு அதே உரசலில் திறக்கும் திசையில் சுழலும். எனவே குகை டைவர்கள் உரசல் ஏற்பட்ட ஒவ்வொரு முறையும் தோளுக்குப் பின்னால் கையை நீட்டி வால்வுகளைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

ஒரு துளி

இரண்டாவது எதிரி நீர். நீருக்குள் பயன்படுத்தும் கருவிக்கு நீர் எப்படி எதிரியாகும் என்று கேட்கலாம். வெளிச்சுவரில் நனையலாம், கேடில்லை. உட்பக்கம் வறண்டிருக்க வேண்டும்.

ஒரு கணக்கு போடுவோம். சென்னையில் 30 டிகிரி வெப்பத்தில், ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும் நாளில் ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீராவி இருக்கும். 12 லிட்டர் சிலிண்டரை நிரப்ப 2.4 கனமீட்டர் காற்று வேண்டும். அதில் 58 கிராம் நீர், கிட்டத்தட்ட கால் டம்ளர். மூச்சுக்காற்றுக்கான ஐரோப்பியத் தரநிலை 200 பார் வரைக்குமான சிலிண்டரில் ஒரு கனமீட்டருக்கு 50 மில்லிகிராம் நீரைத்தான் அனுமதிக்கிறது. ஆக முழுச் சிலிண்டருக்கும் 120 மில்லிகிராம். சென்னைக் காற்றிலிருந்து நீரை ஐந்நூறில் ஒரு பங்காகக் குறைத்தாக வேண்டும்.

பாவர் போன்ற கம்ப்ரஸர்கள் இதை எப்படிச் செய்கின்றன? காற்றை ஒரே மூச்சில் அமுக்காமல் மூன்று, நான்கு கட்டங்களாக அமுக்குகின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் சூடேறும் காற்றைக் குளிரவைத்து, அப்போது படியும் நீரை வடித்துவிடுகின்றன. கடைசியில் நீராவியை உறிஞ்சும் நுண்துளைப் பொருளும், நாற்றத்தையும் எண்ணெய் ஆவியையும் பிடிக்கும் கரியும் நிரப்பிய வடிகட்டியின் வழியே காற்று போகிறது.

இத்தனை உழைப்பில் வறண்ட காற்று, கடைசி ஒரு அங்குலத்தில் கெட்டுப்போகலாம். ஒரு நீர்த்துளியின் எடை சுமார் 50 மில்லிகிராம். வால்வின் வாயில் இரண்டு மூன்று துளி நீர் தேங்கியிருக்கும்போது நிரப்புகுழாயை மாட்டிவிட்டால், 200 பார் காற்று அதை அப்படியே சிலிண்டருக்குள் அடித்துத் தள்ளும். முழுச் சிலிண்டருக்கும் அனுமதித்த நீரின் அளவு அங்கேயே தீர்ந்துவிடும். கம்ப்ரஸரும் வடிகட்டியும் செய்த வேலை வீண்.

உள்ளே போன நீர் சும்மா இருக்காது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். 200 பாரில் அதன் பகுதியழுத்தம் 42 பார். திறந்தவெளியில் இரும்பைத் துருவாக்கும் ஆக்சிஜனைப்போல் 200 மடங்கு செறிவு அங்கே இருக்கிறது. ஈரமும் சேர்ந்தால் துரு வேகமாகப் பரவும். கடல்நீராக இருந்தால் உப்பு அந்த வேகத்தை இன்னும் கூட்டும். துருவாகும் இரும்பு ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதால், நெடுநாள் மூடிக்கிடந்த ஈரச் சிலிண்டரின் காற்று உயிர் தாங்காத காற்றாகவும் மாறிவிடலாம். அந்த ஆபத்துக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

சிலிண்டரை முற்றிலும் காலியாக்கக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். கொஞ்சம் அழுத்தம் மிச்சமிருக்கும்வரை வெளியிலிருந்து எதுவும் உள்ளே நுழையாது. காலிச் சிலிண்டரின் வால்வைத் திறந்தே வைத்தால், பகல் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும். இரவில் சுருங்கி, ஈரக்காற்றை உள்ளிழுக்கும். நாள்தோறும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் சேர்ந்துகொண்டே போகும்.

லிண்டேயின் குளிர்

அந்தத் துளி சிலிண்டருக்குள் போகாமல் ரெகுலேட்டருக்குள் போனால் என்ன? இதற்கு விடை லிண்டேயின் ஆய்வில் இருக்கிறது.

1852இல் இயற்பியலாளர்கள் ஜூலும் வில்லியம் தாம்சனும் ஓர் உண்மையைக் கண்டறிந்தார்கள். அழுத்தமான காற்றைக் குறுகிய துளை வழியாக விட்டு விரியச் செய்தால், அது குளிர்கிறது. சாதாரண வெப்பநிலையில் ஒவ்வொரு பாருக்கும் கால் டிகிரி அளவில் இந்தக் குளிர்ச்சி. லிண்டே இந்தச் சிறு குளிர்ச்சியைச் சேமித்தார். குளிர்ந்த காற்றைக் கொண்டு அடுத்து வரும் காற்றைக் குளிரவைத்து, அதை மறுபடி விரியவிட்டு, திரும்பத் திரும்பச் செய்து, மைனஸ் 190 டிகிரி அளவுக்கு இறக்கிக் காற்றைத் திரவமாக்கினார்.

டைவரின் ரெகுலேட்டரிலும் ஒவ்வொரு மூச்சுக்கும் இதே விளைவு நடக்கிறது. அதன் முதல் நிலை 200 பார் காற்றைச் சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிட ஏறக்குறைய 10 பார் மட்டும் மேலாக இறக்குகிறது. காற்றின் வெப்பநிலையில் 35 டிகிரிவரை குறைகிறது. வெதுவெதுப்பான மன்னார் வளைகுடாவில் சுற்றியுள்ள நீர் ரெகுலேட்டரின் உலோகத்துக்குச் சூட்டைக் கொடுத்து ஈடுகட்டிவிடும். ஸ்டார்ன்பெர்க் ஏரியில் நீரே 4 டிகிரி. விரியும் காற்று மைனஸ் 30 டிகிரியை ஒட்டிப் பாய்கிறது. அந்தப் பாதையில் கரையில் துடைக்காமல் விட்ட ஒரு துளி இருந்தால், அது பனிக்கட்டியாகி அசையும் பாகத்தைப் பிடித்துக்கொள்ளும். மூட வேண்டிய வாய் மூடாது. காற்று நிற்காமல் கொட்டும். கொட்டக் கொட்ட இன்னும் குளிரும், பனி இன்னும் இறுகும். சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகிவிடும். மியூனிக்கில் காற்றைத் திரவமாக்கிய அதே இயற்பியல், நகருக்குத் தெற்கே ஏரியாழத்தில் ஒருவரின் மூச்சைப் பறிக்கும் வல்லமை பெறுகிறது.

ரெகுலேட்டர்களுக்கான ஐரோப்பியத் தரநிலை இஎன் 250, 50 மீட்டர் ஆழத்துக்கு ஈடான அழுத்தத்தில், 4 டிகிரிக் குளிர்நீரில் அவற்றைச் சோதிக்கிறது. அதில் தேறாதவை 10 டிகிரிக்கு மேற்பட்ட நீருக்கு மட்டும் என்று குறியிடப்படும். ஆனால் தேறிய ரெகுலேட்டரையும் ஈரமான வால்வு கெடுத்துவிடும். எனவே ரெகுலேட்டரை மாட்டுவதற்கு முன் ஒருகணம் வால்வைத் திறந்து காற்றைச் சீறவிட்டு வாயிலுள்ள நீரையும் தூசியையும் வெளியேற்ற வேண்டும். அப்போது வாயை யார் முகத்துக்கும் நேராகத் திருப்பக் கூடாது. கழற்றியதும் ரெகுலேட்டரின் மூடியைத் துணியால் துடைத்து உலர்த்தி மாட்ட வேண்டும். ஈர மூடி, மூடாததைவிடக் கேடு.

ஒரு மணல் துகள்

மூன்றாவது எதிரி அழுக்கு. அழுத்தமான காற்று வால்வின் குறுகிய வழியைக் கடக்கும்போது அதன் வேகம் ஒலியின் வேகத்தை எட்டும். அந்த ஓட்டத்தில் மாட்டும் மணல் துகளும் வேகமெடுத்துப் பறக்கும். வால்வின் உள்ளே மூடும் இருக்கை மென்மையான பிளாஸ்டிக்கால் ஆனது. துகள் அங்கே மாட்டிக்கொண்டால், நாம் திருகை இறுக்க இறுக்க அது பிளாஸ்டிக்குக்குள் புதையும். அதன்பின் வால்வு முழுமையாக மூடாது. கசிகிறதே என்று மேலும் முறுக்குவார்கள். இருக்கை மேலும் நாசமாகும்.

துகள் வால்வைத் தாண்டி ரெகுலேட்டரை அடைந்தால், அங்கே உலோகத் தூளைச் சுட்டிறுக்கிச் செய்த சிறு வடிகட்டி அதைத் தடுக்கும். அந்த வடிகட்டி சிலிண்டரின் உடல்நிலையைச் சொல்லும் சாட்சி. செம்பழுப்பாக இருந்தால் எஃகு சிலிண்டருக்குள் துரு. சாம்பல் தூசு படிந்திருந்தால் அலுமினியச் சிலிண்டருக்குள் அரிப்பு. பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் உப்புநீர் உள்ளே போயிருக்கிறது. ரெகுலேட்டரைப் பழுதுபார்ப்பவர் முதலில் பார்ப்பது இந்த நிறத்தைத்தான்.

அழுக்கு சிலிண்டரின் உள்ளிருந்தும் வரும். டைவர் தலைகீழாக இறங்கும்போது உள்ளே கிடக்கும் துருவும் நீரும் கழுத்தை நோக்கி உருளும். அது வால்வுக்குள் நுழையாதபடி, வால்வின் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு குழாய் சிலிண்டருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். கழுத்தில் சேரும் குப்பைக்கு மேலாக அந்தக் குழாயின் வாய் இருப்பதால், தெளிந்த காற்று மட்டுமே உள்ளே போகும். வெளியே ஒரு மூடி, உள்ளே ஒரு குழாய். வால்வுக்கு இரு பக்கமும் காவல் தேவை என்பதை இதை வடிவமைத்தவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

விரலில் ஒட்டிய எண்ணெய்

நான்காவது எதிரி நெருப்பு. அதன் விதை எண்ணெய். ஆக்சிஜனைக் கூடுதலாகக் கலந்த நைட்ராக்ஸ் வாயுவைத் தயாரிக்க, சில இடங்களில் முதலில் தூய ஆக்சிஜனைச் சிலிண்டருக்குள் விட்டு, பிறகு காற்றைச் சேர்ப்பார்கள். வால்வைச் சட்டென்று திறந்தால் முன்னே அடைபட்டிருக்கும் வாயு கண்ணிமைக்கும் நேரத்தில் அமுங்கும். 1 பாரிலிருந்து 200 பாருக்கு வெப்பம் வெளியேற நேரமில்லாமல் அமுங்கினால், கணக்குப்படி அதன் வெப்பநிலை 1,000 டிகிரியைத் தாண்டும். அங்கே எண்ணெய்ப் படலம் இருந்தால் அது தீப்பிடிக்கும். தூய ஆக்சிஜனில் பற்றிய தீ ரப்பரைத் தின்று உலோகத்தையும் தின்னத் தொடங்கும்.

இதனால் ஆக்சிஜனோடு உறவாடும் வால்வுகளை எண்ணெய்ப் பசையே இல்லாமல் கழுவி, அதற்கென்றே உள்ள ஃபுளோரின் கலந்த மசகை மட்டும் தடவுகிறார்கள். வழக்கமான சிலிக்கோன் கிரீஸுக்கு அங்கே இடமில்லை. ஐரோப்பியத் தரநிலை நைட்ராக்ஸ் வால்வுக்கு எம்26 என்ற தனி மரையை வகுத்திருக்கிறது. சாதாரணக் காற்று ரெகுலேட்டர் அதில் ஏறாது. நம் ஊர் வெல்டிங் பட்டறைகளில் ஆக்சிஜன் மீட்டரின் முகப்பிலேயே எண்ணெய் கூடாது என்ற எச்சரிக்கை அச்சாகியிருக்கும். தேங்காய் எண்ணெயோ வெயில் கிரீமோ பூசிய கையால் இந்த வால்வுகளைத் தொடுவதும் அந்த எச்சரிக்கையை மீறுவதுதான். இந்த வால்வுகளை எப்போதும் மெதுவாகத் திறக்க வேண்டும். மெதுவாகத் திறந்தால் அமுங்கும் வாயுவின் சூடு உலோகத்துக்குள் பரவ நேரம் கிடைக்கும்.

முத்திரையும் மூடியும்

1865இல் மன்ஹைம் நகரில் ஒரு பீர் ஆலையின் நீராவிக் கொதிகலன் வெடித்தது. அடுத்த ஆண்டே கொதிகலன் உரிமையாளர்கள் ஒன்றுகூடி, தங்கள் கொதிகலன்களைத் தாங்களே நிபுணரைக் கொண்டு சோதிக்கும் சங்கத்தை அமைத்தார்கள். இன்றைய டியூவ் ஸூட் நிறுவனத்தின் வேர் அந்தச் சங்கத்தில் இருக்கிறது. ஜெர்மனியில் டைவிங் சிலிண்டரை இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வால்வைக் கழற்றி உட்புறம் பார்க்கிறார்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வேலை அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் சோதிக்கிறார்கள். 200 பார் சிலிண்டர் 300 பாரைத் தாங்க வேண்டும். இந்தச் சோதனைக்கு நீரைப் பயன்படுத்துகிறார்கள். நீர் அமுங்குவது மிகக் குறைவு என்பதால், சிலிண்டர் உடைந்தாலும் சிதறும் ஆற்றல் சிறிது.

தேறிய சிலிண்டரின் தோளில் முத்திரை பதிப்பார்கள். அந்த முத்திரை அன்றைய நிலையைத்தான் உறுதிசெய்யும். மறுநாள் வால்வின் வாயில் விழும் மணலுக்கும் துளிக்கும் அது பொறுப்பேற்க முடியாது. இரண்டு சோதனைகளுக்கு நடுவிலுள்ள அத்தனை நாளும் சிலிண்டரைக் காப்பது அதைக் கையாள்பவரின் பழக்கம் மட்டுமே.

நம் கடல்களில் அந்தப் பழக்கத்தின் தேவை இன்னும் கூடுதல். புதுச்சேரி, தூத்துக்குடி, ராமேஸ்வரம், திருகோணமலை எனப் பல இடங்களில் இன்று சிலிண்டரோடு இறங்குகிறார்கள். சுற்றுலாப் பயணிகளும் பவளப்பாறை ஆய்வாளர்களும் அவர்களுள் உண்டு. மன்னார், கற்பிட்டிக் கடல்களில் கடலட்டை எடுக்க முங்குவோர் பிழைப்புக்காக இறங்குகிறார்கள். நம்மிடம் பனி இல்லை, உப்பு இருக்கிறது. வெப்பக் கடல்களில் அலுமினியச் சிலிண்டர்கள் அதிகம். அவற்றின் கழுத்தில் பித்தளை வால்வு இறங்குகிறது. இரு வேறு உலோகங்களுக்கு நடுவில் உப்புநீர் தேங்கினால் மின்கலம்போல் வேலைசெய்து அலுமினியத்தை அரிக்கும். மரைக்குள் வெள்ளைத் தூள் கட்டி, வால்வு இறுகிப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த உப்பின் கூரிய படிகங்கள் ஓ-ரிங்கைக் கீறும். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் வால்வை நல்ல தண்ணீரில் அலசுவது, ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி மரையைச் சுத்தம் செய்வது ஆகிய இரண்டும் இதனால் கட்டாயமாகின்றன.

நம் பக்கத்து டைவிங் மையங்கள் பலவற்றில் நிரப்பிய சிலிண்டரின் வால்வு வாயில் குறுக்கே ஒரு டேப் ஒட்டுவது வழக்கம். டேப் இருந்தால் நிறைந்தது, கிழிந்திருந்தால் பயன்படுத்தியது என்று அடையாளம். அதே டேப் தூசியையும் நீர்த்தெறிப்பையும் தடுக்கிறது. நல்ல பழக்கம். ஆனால் ரெகுலேட்டரை மாட்டும் முன் டேப்பின் பசை ஓ-ரிங்கில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிட வேண்டும்.

இந்தியாவில் சிலிண்டர்களுக்கென்று 2016ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோ அவற்றை நிர்வகிக்கிறது. விதிகள் வேண்டும், சோதனைகளும் வேண்டும். ஆனால் விதியைப் படித்திராத ஒரு மீனவ இளைஞனுக்கும் இந்த அத்தியாயத்தின் அறிவு சேர வேண்டும் என்பது என் விருப்பம். சிலிண்டரை வாடகைக்குத் தருபவர்களும், நிரப்பித் தருபவர்களும், பயிற்சி தருபவர்களும் ஒரு மூடியையும் ஒரு துணியையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். அவற்றின் விலை ஒரு முறை காற்று நிரப்பும் கூலியைத் தாண்டாது. வால்வை ஒருகணம் சீறவிட்டு, துடைத்து, பார்த்து, மாட்டுவதற்கு அரை நிமிடம் போதும். மியூனிக்கின் பொறியாளர்கள் ஒன்றரை நூற்றாண்டாகச் சேர்த்த அறிவு, சிலிண்டரைத் தொடும் ஒவ்வொருவரும் தரும் இந்த அரை நிமிடத்தில்தான் உயிர்காக்கும் பலனைத் தருகிறது.